அவர் பேரில் ஆடிய ஆட்டம்

போக்கர் என்ற பேரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர்தான். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில், லாரியில் மூட்டை ஏற்றும் பகுதிக்கு அவர் சூப்பர்வைசர். லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும் நேரத்தில் அங்கே எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் ரம்மி ஆடினார்கள். பிறகு யாரோ ஒருத்தர், ரம்மியில் ஒண்ணுமில்ல, மூளை இருக்கிறவன் ஆடுறது போக்கர்தான் என்று சொல்லியிருக்கிறார். 'மூளை இருக்கிறவன்' என்று யாராவது ஆரம்பித்தால் போதும், இவர் எதையும் வாங்கிவிடுவார். அன்றைக்கே கணக்குத் தொடங்கிவிட்டார். பான் கார்டு, ஆதார், பேங்க் அக்கவுண்ட், மீசையை முறுக்கிவிட்ட ஒரு போட்டோ, எல்லாம் அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து மகள் தூங்கிவிடுவாள். மூன்று வயது அப்போது அவளுக்கு. மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவார். இவர் கட்டிலில் குப்புறப் படுத்து ஃபோனில் ஆடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து "ச்சே" என்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு "ச்சே". அப்புறம் வெளியே வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நான் பி.எஸ்ஸி. கணக்கு. பெரம்பலூரில் படித்தது. பெண் பார்க்க வந்த அன்று, பி.எட். படிக்க வைக்கிறோம் என்று அவர்களாகவே சொன்னார்கள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இவர் எந்தச் சீட்டையும் விடுவதில்லை.

"ஏங்க, எல்லா சீட்டுக்கும் ஏன் சிப்ஸ் போடுறீங்க?"

"சீட்டு வந்தா ஆடத்தானே செய்யணும்? பார்த்துட்டு உட்கார்ந்திருக்கவா காசு கட்டினேன்?"

அந்தச் சமயம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "எதுவும் பண்ணாத, சும்மா புடி" என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வர நேரமானது. வந்து பார்த்தபோது அவர் விட்டுப்போன சிப்ஸ் இரண்டு மடங்காகியிருந்தது. என்ன பண்ணினாய் என்று அவர் கேட்கவில்லை. "லக்கு அடிச்சிருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் அவராகவே ஃபோனை நீட்டினார்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டூர்னமெண்டில் எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், அதாவது பந்தயம் வைக்கிற வில்லைகள், கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கையில் இரண்டு சீட்டு வரும். சிப்ஸ் தீர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சிப்ஸ் கட்டாயமாக வைக்க வேண்டும். நேரம் ஆக ஆக அந்தக் கட்டாயம் ஏறிக்கொண்டே போகும். ஆடியவர்களில் கடைசி வரை நிற்கிற ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் பணம். அந்தக் கூட்டத்துக்குள் கடைசியாக நுழைகிறவருக்குக் கட்டிய காசும் அதற்கு மேல் கொஞ்சமும் வரும். பெரிய பணம் முதல் இரண்டு மூன்று இடத்துக்குத்தான். பரிசுக்கு ஒரே ஒரு இடம் முன்னால் வெளியே போகிறவருக்கு ஒன்றும் கிடையாது. இத்தனை நேரம் உட்கார்ந்தது வீண்.

அந்த ஒரு ஆள் யார் என்று தெரிகிற வரைக்கும் மேஜையில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல சீட்டைக்கூட மடக்கி வைத்து, அந்தச் சுற்றையே விட்டுவிடுவார்கள். நாலைந்து ஆட்டத்திலேயே அது எனக்குப் பிடிபட்டுவிட்டது. பயந்து உட்கார்ந்திருக்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு ஆள் வெளியே போன அடுத்த நிமிஷம் எல்லாம் மாறிவிடும். பூட்டு திறந்ததுபோல, குறைவாக சிப்ஸ் வைத்திருப்பவர்கள் இருப்பதை மொத்தமாகத் தூக்கி நடுவில் தள்ளுவார்கள். போட்ட காசு வந்துவிட்டது, இனி போனால் என்ன என்ற தைரியம். அப்போது போய் அவர்களை மிரட்ட முடியாது. மிரட்டுவதை நிறுத்திவிட்டு, சுமாரான சீட்டிலேயே அவர்களை எதிர்த்து நிற்க வேண்டும். கூட்டம் சுருங்கி ஒரே மேஜை ஆனதும் பயம் திரும்ப வரும், ஏனென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் பணம் தாவி ஏறும். அப்போது மறுபடியும் எடுக்க ஆரம்பிக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும். மாமியார் வீட்டில் சில வருஷம் இருந்த எந்தப் பெண்ணுக்கும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், எப்போது கேட்டால் கிடைக்கும் என்று தெரியாமல் இருக்காது.

முதல் முறை பரிசுக்குள் போனபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வாழ்த்துச் செய்தி வந்ததும் கையை நீட்டினார்.

"குடு. போட்ட காசு வந்துடுச்சுல்ல. இனிமே நான் பார்த்துக்கறேன்."

"இல்லீங்க, இப்பதான் ஆட்டமே..."

"குடுன்னா."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டார். "ச்சே" என்றார். அடுத்த முறையும் அதேதான் நடந்தது. அதற்கடுத்த முறை, ஃபோனை வாங்கி ஒரு சீட்டும் ஆடாமல் மடக்கிக்கொண்டே உட்கார்ந்து, இரண்டு இடம் மேலே ஏறி, கரைந்து வெளியே வந்தார். அப்படி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பரிசு வரைக்கும் நான், பரிசுக்குப் பிறகு அவர். மாவு அரைத்து, வெங்காயம் நறுக்கி, கல்லைச் சூடு பண்ணி வைத்த பிறகு ஒருத்தர் வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வதுபோல இருக்கும். நான் எழுந்து போய் மகளுக்குப் பால் காய்ச்சுவேன்.

அந்த வருஷம் கோடையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பெரம்பலூர் போய் ஒரு வாரம் தங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லங்குறிச்சியில் நாத்தனார் பிள்ளைக்கு முடியிறக்கு. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அன்றைக்குத்தான் ஒரு பெரிய டூர்னமெண்ட் இருந்தது. முதல் மூன்று பேருக்குப் பணத்தோடு, கோவாவில் நேரில் நடக்கும் ஒரு போட்டிக்கு இடமும் உண்டு. அவர் ஏற்கெனவே பேர் கொடுத்திருந்தார். கோயிலில் சிக்னல் சரியில்லை என்று எனக்கு ஃபோன் பண்ணினார்.

"உன் ஃபோன்லயே ஆப் ஏத்திக்க. என் நம்பருக்கு ஓடிபி வரும், சொல்றேன். பரிசு வரைக்கும் கொண்டுபோயி வெச்சிரு. நான் மொட்டை அடிச்சு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன்."

"கல்லங்குறிச்சியிலேர்ந்து பெரம்பலூர் எப்படீங்க வருவீங்க?"

"பார்க்கலாம், வர முடிஞ்சா வரேன்."

ஓடிபி சொன்னார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மகள் பாட்டியின் காலடியில் தூங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு எங்கள் வீடு. திருச்சி வண்டிக்காரர் ஆள் கூப்பிடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் கல்லூரிப் பரீட்சைக்கெல்லாம் படித்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆட ஆரம்பித்தேன்.

பரிசுக்குள் போனதும் பழக்கத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. யாரும் கையை நீட்டவில்லை.

சரியாக அந்த நேரம் அவர் கூப்பிட்டார்.

"உள்ள போயாச்சா?"

"போயாச்சுங்க."

"கேளு. இனிமே ஒரு சீட்டும் தொடாத. மடக்கிட்டே இரு. ஒவ்வொருத்தனா வெளிய போவான், நாம மேல ஏறிட்டே இருக்கலாம். புரியுதா?"

புரிகிறது என்று சொல்லி வைத்தேன். எனக்கு எதிரே ஒருத்தர் இருப்பதை மொத்தமாகத் தள்ளியிருந்தார். என்னிடம் ஆஸும் எட்டும். பத்து நிமிஷம் முன்னால் என்றால் யோசிக்காமல் மடக்கியிருப்பேன். இப்போது அவர் எதை வைத்தும் தள்ளுவார் என்று தெரியும். எதிர்த்தேன். அவரிடம் ராணியும் ஒன்பதும். என் ஆஸ் நின்றது, அவர் சிப்ஸ் எனக்கு வந்தது. அடுத்து இன்னொருவர் தள்ளினார், அவரையும் எதிர்த்தேன். மறுபடியும் ஃபோன் அடித்தது. திரை மறைந்து, முடிவெடுக்க எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விட்டது. வீட்டுக்காரர் நம்பரைச் சத்தமில்லாமல் போட்டேன்.

"ஃபோன்லயே என்னடி பண்றே இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டார்.

"கணக்கு போடுறேம்மா."

"போடு போடு. நீ கணக்கு போட்டுப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேர் மிஞ்சினோம். கடைசிச் சீட்டில் தோற்றேன். இரண்டாம் இடம். கோவா போட்டிக்கு இடமும் வந்துவிட்டது. திரையில் அவர் பேரும் முறுக்கிய மீசையும் பளபளவென்று வந்து நின்றன. கீழே வாழ்த்துகள் ஓடின. சூப்பர் பிரதர். செம்ம ப்ரோ. என்ன தைரியம் ப்ரோ உங்களுக்கு. நான் சுவரில் சாய்ந்தபடி அதையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன்.

அரியலூர் திரும்பியபோது வீட்டில் ஆலை ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டப்பா நிறைய பாதுஷா. இவர் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோயில்ல ஒரு மரத்தடியில உட்கார்ந்துதான் ஆடினேன். பரிசு வந்ததும் எல்லாவனும் கண்ணை மூடிட்டுத் தள்ளுவான் பாரு, அப்பதான் எதிர்த்து நிக்கணும். அதுக்கு ஒரு நெஞ்சு வேணும்."

கோயிலில் சிக்னல் இல்லை என்பதை மறந்துவிட்டார். அவர் சொன்ன வார்த்தைகள் ஆட்டம் முடிந்த ராத்திரி ஃபோனில் நான் அவருக்குச் சொன்னவை. "எப்படி ஜெயிச்சே" என்று கேட்டார், சொன்னேன். அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். "அண்ணி, அண்ணனுக்கு மூளை மூளைதான்" என்றார் ஒருத்தர்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஒருத்தர்கிட்டயாவது சொல்லலாம்ல, நான் ஆடினேன்னு?"

"உனக்கென்ன பைத்தியமா? ஒருத்தர் அக்கவுண்ட்ல இன்னொருத்தர் ஆடக்கூடாதுன்னு ரூல் இருக்கு. தெரிஞ்சா பரிசைப் புடுங்கிடுவான்."

"கம்பெனிக்காரன்கிட்ட சொல்லச் சொல்லல. உங்க அம்மாகிட்ட."

பாதுஷா டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார். பாதுஷாவை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

பணம் வந்து பழைய கார் ஒன்று வாங்கினோம். வாங்கினார். பி.எட். பற்றிக் கேட்டபோது, கோவா முடியட்டும் என்றார்.

கோவா போட்டிக்கு அவர்தான் உட்கார வேண்டும். ஆள் முகத்தையும் ஆதாரையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் நான் சொல்லிக் கொடுத்தேன். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், நிஜச் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். காத்திருப்பதை அவர் கற்றுக்கொண்டார். அது எனக்கே ஆச்சரியம்தான். எந்தச் சீட்டை விட வேண்டும், எந்த இடத்திலிருந்து ஆடக்கூடாது, பரிசு நெருங்கும்போது யாரிடமிருந்து எடுக்கலாம், எல்லாம் பிடித்துக்கொண்டார். ஆனால் பரிசுக்குப் பிறகு எப்படி மாற வேண்டும் என்பது மட்டும் அவருக்குள் இறங்கவே இல்லை.

"உள்ள வந்தாச்சு. கையில காசு இருக்கு. அதை ஏன் எடுத்து நடுவுல வைக்கணும்?"

"கையில இருக்கிறதை யாரும் புடுங்க மாட்டாங்கங்க. அது உங்களுக்கு வந்துடுச்சு. அதுக்கு மேல இருக்கிறதுக்குத்தான் இனிமே ஆட்டம். சும்மா இருந்தா சுற்றுக்கு சுற்று தானாவே கரைஞ்சு போகும்."

"நீ சொல்றது சூதாட்டம்."

இதைச் சீட்டுக்கட்டைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

கோவாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். மகளை அம்மாவிடம் விட்டேன். அரியலூரில் ரயில் ஏறி சென்னை, அங்கிருந்து விமானம். எனக்கு முதல் விமானம். ஜன்னல் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய ஏசி கூடம். நிறைய மேஜைகள். ஆடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடுவே கயிறு. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிப்ஸ்களைச் சும்மாவே விரலால் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கூடம் முழுக்க. நிஜச் சிப்ஸை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது.

அவர் மேஜையில் ஒரே ஒரு பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதல் இடைவேளையில் தண்ணீர் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்து இங்கிலீஷில், "இரண்டு மணி நேரமா ஒரு மேஜையையே பார்த்துட்டு நிக்கிறீங்க. நீங்களும் ஆடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வாயில் வர ஒரு நொடி ஆகும். அதற்குள் இவர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "நோ நோ மேடம். ஷீ டோண்ட் நோ எனிதிங். ஹவுஸ் வைஃப்." அந்த அம்மா என் முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. தெரிந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம். அப்படி இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்பதால் வந்த எண்ணமாகவும் இருக்கலாம்.

மறுநாள் பிற்பகல், பரிசுக்கு முன்னால் கடைசி ஆள் வெளியே போனார். கூடம் முழுக்கக் கைதட்டல். இவர் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். ஆலை நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினார். அவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. உட்கார்ந்தவர், ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டை மடக்கினார். என் கண் முன்னால், அவரைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் தள்ளி, இரட்டிப்பாக்கி, அவரைத் தாண்டிப் போனார்கள். நரைமுடி அம்மா, பரிசு வரும்வரை கல்லைப்போல் உட்கார்ந்திருந்தவர், இப்போது வேறு ஆளாகி ஆடிக்கொண்டிருந்தார். சுற்றுக்கு சுற்று இவர் அடுக்கு மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது.

இடைவேளையில் ஓடி வந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

"பார்த்தியா, உள்ள வந்துட்டேன்!"

"ஏங்க, இப்ப ஆடணும். இன்னும் ரெண்டு சுத்து போனா ஆடறதுக்கே சிப்ஸ் இருக்காது. நல்ல சீட்டு ஒண்ணுகூடவா வரல?"

"ரெண்டு ஜாக்கி வந்துச்சு. மடக்கிட்டேன்."

ஜோடியாக இரண்டு ஜாக்கி, அந்த நிலைமையில், வராதா வராதா என்று காத்திருக்கிற சீட்டு.

"ஏன்?"

"தோத்துட்டா? உனக்கென்ன, கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லுவே. உள்ள உட்கார்ந்திருக்கிறது நான்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

கொஞ்ச நேரத்தில் கட்டாயச் சிப்ஸுக்கே போதாமல் போய், மூன்றையும் ஏழையும் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைசிப் பரிசுக்கு ஓரிரு இடம் மேலே. அந்தப் பணம் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் சரியாக இருந்தது. நரைமுடி அம்மா அன்று சாயங்காலமும் ஆடிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வா, பசிக்குது" என்று இவர் கூப்பிட்டார்.

ஊருக்கு வந்ததும் கோவா ஒரு வெற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஃபோன் என் கைக்கு வரவில்லை. "எனக்கே எல்லாம் தெரியும். நீ பக்கத்துல உட்கார்ந்தா டென்ஷனா இருக்கு." ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உள்ளேயிருந்து மறுபடியும் "ச்சே" கேட்கத் தொடங்கியது. பெரிய நுழைவுக் கட்டணம் உள்ள ஆட்டங்களாகப் பார்த்து ஆடினார். கோவா போய் வந்தவர் சின்ன ஆட்டம் ஆடுவாரா? ஒருநாள் கார் போயிருந்தது. சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றார். என் கழுத்துச் செயினையும் ஏதோ அவசரம் என்று கேட்டு வாங்கிப் போனார்.

பிறகு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. டிவியில் நாள் முழுக்க அதே பேச்சு. இதனால் அழிந்துபோன குடும்பங்களைக் காட்டினார்கள். மாமியார் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். என் மகன்கூட ஜெயித்தானே என்று பெருமைப்பட்டவருக்கு, ஏதோ உறைத்திருக்க வேண்டும். நாத்தனாரும் வந்திருந்த ஒரு காலையில், மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"காரு எங்கடா? சர்வீஸு சர்வீஸுங்கறே, மாசம் எத்தனையாச்சு? இவ கழுத்துல செயினக் காணோம். இந்த ஆட்டத்துல விட்டியா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். பாவமாகக்கூட இருந்தது. பிறகு தலையைத் தூக்கி என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவதாம்மா ஆடினா. ஆரம்பத்துலேர்ந்து அவதான். நான் சும்மா பொழுதுபோக்குக்கு வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா ஃபோனை வாங்கிட்டு உட்கார்ந்துடுவா. பெரம்பலூர்ல அவங்க அம்மா வூட்ல உட்கார்ந்துகூட ஆடினா. வேணும்னா கேளுங்க."

நான் ஆடியதாகச் சொன்னதில் ஒரு பொய் இல்லை. அத்தனையும் நிஜம். எந்த வாக்கியத்தை இந்த வீட்டில் யாராவது ஒருமுறை சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்தேனோ, அதையேதான் சொன்னார். பாதுஷா தின்ற அன்று சொல்லாமல் வைத்திருந்து, இன்றைக்கு எடுத்து நீட்டுகிறார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிஜமாம்மா?"

"ஆமாங்க அத்தை. நான்தான் ஆடினேன். கார் வாங்கின பணம் நான் ஜெயிச்சது. கோவாவுக்கு இடம் வாங்கினதும் நான்தான். விட்டதெல்லாம் அதுக்கப்புறம். என் கையில ஃபோனு இல்லாதப்ப."

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. மாமியாரோ முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார்.

"பொம்பளை சீட்டாடுவாளா? குடும்பத்துப் பொம்பளை? புள்ளையத் தூங்க வெச்சுட்டு இந்த வேலையா பார்த்தே? அவன் ஆம்பளை, நாலு பேரோட பழகறவன், ஏதோ ஆடுவான். உனக்கு எங்க போச்சு புத்தி?"

நாத்தனார், "நான் அப்பவே நினைச்சேன், அண்ணனுக்கு இதெல்லாம் எங்கேர்ந்து தெரியும்னு" என்றார். அதுவும் எனக்கு ஒருவகையில் பாராட்டுதான். அன்றைக்கு அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

இவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு ஆசுவாசம், மூட்டையை இறக்கி வைத்த ஆளைப்போல. இனி கேள்வி அவரிடம் வராது. எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் சண்டை போடவில்லை. மதியச் சமையலை முடித்தேன். மறுநாள் மகளின் துணிகளையும் என் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. நாலு நாளில் வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பி.எட். இல்லாததால் சம்பளம் குறைவு. தபால் வழியில் படிக்கிறேன். மகள் அதே பள்ளியில். அவள் அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். பிஸ்கட் பாக்கெட் கொண்டுவருவார், அம்மாவிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார், மகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். வீட்டுக்கு வா என்று இரண்டு தடவை கூப்பிட்டார். "அம்மா மறந்துட்டாங்க, விடு" என்றார். மறக்க வேண்டியது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால், அவருக்கு நிஜமாகவே தெரியாது.

போன மாதம் நிகழ்தகவுப் பாடம். புத்தகத்தில் சீட்டுக்கட்டுக் கணக்கு வருகிறது, ஐம்பத்திரண்டு சீட்டில் ஒரு ராஜா வருவதற்கு என்ன வாய்ப்பு என்று. பாதிப் பிள்ளைகளுக்கு எந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. "மிஸ், டைமண்டுன்னா என்ன மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய் மேஜையில் பரப்பிக் காட்டினேன். பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். என் விரல்கள் தாமாகவே சீட்டைக் குலுக்கி விசிறி மாதிரி விரித்தன. "மிஸ், சூப்பர் மிஸ்!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"சீட்டுக்கட்டெல்லாம் வேணாம் மிஸ். பேரண்ட்ஸ் யாராவது பார்த்தா தப்பா நினைப்பாங்க. நீங்க வேற தனியா இருக்கீங்க. புத்தகத்துல படம் இருக்கில்ல, அதைக் காட்டி நடத்துங்க. போதும்."

சரிங்க மேடம் என்றேன். கட்டை அவரே வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு, முக்கோணங்கள். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன்.